கீழ்த்தட்டில் சோப்புத்தூள்

சோப்புத்தூள் டப்பா அடிக்கடி இடம் மாறுவதை அந்த வீட்டில் நான் ஒருத்திதான் கவனித்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே லாண்டரி, மேலே வீடு. லாண்டரி மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவருடைய அம்மாவை அக்கா கூப்பிடுவதைப் பார்த்து நானும் அத்தை என்றே கூப்பிடுகிறேன். பகலில் முன்மேஜையில் உட்கார்ந்து துணி வாங்கி ரசீது போடுவேன். மாலையில் ஸ்கேன் டெக்னீஷியன் வகுப்புக்குப் போவேன். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அக்கா எனக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி.

பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி. மேல்தட்டு தோள் உயரத்தில் இருக்கும். கீழ்த்தட்டு தரையோடு ஒட்டியிருக்கும். அதில் கிழிந்த பைகளும் உடைந்த ஹேங்கர்களும்தான் கிடக்கும். டப்பாவின் இடம் மேல்தட்டு. ஒருநாள் அது கீழ்த்தட்டில் இருந்தது. மறுநாள் மேலே. அதற்கடுத்து மறுபடியும் கீழே. மாமா தான் வைக்கவில்லை என்றார். அக்காவும் அதையே சொன்னாள். அத்தையிடம் நான் கேட்கவில்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் வட்டியோடு இரண்டு கேள்வி திரும்பி வரும்.

அக்காவுக்குப் பெயர் தெரியாத ஒரு படபடப்பு வந்துகொண்டிருந்த காலம். வீட்டில் அதை 'அது' என்றுதான் சொல்வோம். மெஷின் நின்றதும் வட்டக் கதவைத் திறந்து, உள்ளே பாதி உடம்பை விட்டு ஈரத் துணிகளை அள்ளுவாள். கதவு விளிம்பு அவள் வயிற்றில் பதியும். நிமிரும்போது முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இருக்காது. நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நிற்கும். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெஷினைப் பிடித்துக்கொள்வாள். தலை பிளக்கிறது என்பாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஒன்றுமே நடக்காதது போலத் துணியை உதறிக் கொடியில் போடுவாள்.

"துணியைக் கண்டாதான் உனக்கு வியர்க்குமா? டிவியைக் கண்டா வியர்க்கவே மாட்டேங்குதே" என்பார் அத்தை.

"டிவி என்னைக் குனிஞ்சு தூக்கச் சொல்றதில்ல அத்தை."

"வாய் மட்டும் வெளுக்கல பாரு."

மாமா இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கூரையைப் பார்ப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒருமுறை தெருமுனை டாக்டரிடம் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ரத்த அழுத்தம் சரி, நாடி சரி. "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தை அத்தை வீட்டுக்கு எடுத்து வந்து பத்திரமாக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா நெஞ்சைப் பிடித்தால், "மனசு வந்திடுச்சு பாருங்க" என்பார்.

என் சந்தேகம் அத்தை மேல் விழுந்தது. அக்காவுக்கு 'அது' வந்த நாட்களை யோசித்துப் பார்த்தேன். டப்பா கீழே இருந்த நாட்களில்தான் அதிகம் வந்திருந்தது. தூளில் ஏதாவது கலக்கிறாரா? முகர்ந்து பார்த்தேன். வழக்கமான வாசனைதான். அப்படியும் நம்பிக்கை வராமல், உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து முழங்கை வரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடக்கவில்லை. கைதான் இரண்டு நாள் அரித்தது.

"எதுக்குடி சொறியுற?" என்று கேட்ட அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கழுதை! அவங்க சோப்புத்தூளையே கஞ்சமா அளந்து போடுறவங்க. விஷத்தையா செலவு பண்ணப் போறாங்க?"

சிரித்தேன். ஆனால் சந்தேகம் தீரவில்லை. ஒருநாள் கடைக்குள் வந்தபோது, கொடியில் தொங்கிய போர்வைகளுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார். இரண்டு போர்வைகளுக்கு நடுவே கண் மட்டும் தெரிந்தது. அக்கா கீழ்த்தட்டுக்குக் குனிந்து டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், வெளுத்தாள், சுவரில் சாய்ந்தாள். அத்தையின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. பிரார்த்தனையா, சாபமா என்று எனக்குப் புரியவில்லை. என்னைக் கண்டதும், "போர்வை காஞ்சிடுச்சான்னு பார்த்தேன்" என்றார். நான் கேட்காமலே சொன்னார். அதனாலேயே நம்பவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழே சுருண்டு விழும் அளவுக்கு வலி. இது வேறு வலி. ஆஸ்பத்திரியில் வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்தார்கள். வீட்டுக்கு வந்துதான் மாமா ரிப்போர்ட்டை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கல்லு இருக்கு, சரி. இதென்ன, இடது அட்ரினல்ல 'மாஸ்'னு போட்டிருக்கு?"

"அப்ப நான் மாஸா?" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்து நிறுத்திக்கொண்டாள்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். இடது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. மருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் அதன் அடர்த்தி முப்பத்தெட்டு. சாதாரணக் கட்டியா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்று முடித்திருந்தார்கள்.

அந்த எண்ணை அந்த மாதம்தான் வகுப்பில் படித்திருந்தேன். பாடம் எடுப்பவரை நாங்கள் சாம்பல் சார் என்போம். எந்தப் படத்தைக் காட்டினாலும், "கறுப்பும் இல்ல வெளுப்பும் இல்ல, எல்லாம் சாம்பல்தான். எந்தச் சாம்பல்னு சொல்லு" என்பார். ஸ்கேனில் தண்ணீருக்குப் பூஜ்யம். கொழுப்பு அதற்கும் கீழே. இந்தச் சுரப்பியில் வரும் பெரும்பாலான கட்டிகள் உள்ளே கொழுப்பை வைத்திருக்கும் சாதுக்கள். அவற்றின் எண் பத்துக்குள் நிற்கும். பத்தைத் தாண்டினால் சாதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன்.

"முப்பத்தெட்டா? எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். "அதுல ஒரு ஜாதி இருக்கு. சும்மா இருக்கும், திடீர்னு ரத்தத்துல ஹார்மோனைக் கொட்டும். ஆளுக்கு நெஞ்சு அடிச்சுக்கும், வியர்க்கும், வெளுக்கும், தலை பிளக்கும். அப்புறம் பூனை மாதிரி படுத்துக்கும். அது தெரியாம வேற ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தா ரத்த அழுத்தம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும். ஆள் எழுந்திரிக்காமலே போயிடலாம்."

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. பேச்சை நிறுத்திக்கொண்டு பையை எடுத்தார். "இங்க இருக்கிறது படம். வீட்டுல இருக்கிறது ஆள். ஆளுக்கு வர்றதைக் கண்ணால பார்த்தவங்க யாராவது டாக்டர்கிட்ட சொல்லணும். சந்தேகம் இருந்தா கேக்கணும்."

வகுப்பில் சந்தேகம் என்றால் கேள்வி. எங்கள் வீட்டில் சந்தேகம் என்றால் குற்றச்சாட்டு. நடந்து வரும் வழியெல்லாம் இது எந்தச் சந்தேகம் என்று தெரியாமல் தவித்தேன். பாதிப் படிப்பு படித்தவள் நான். வகுப்பில் எந்த நோயைப் படித்தாலும் அது எனக்கே இருப்பதாகத் தோன்றும்.

மொட்டைமாடியில் வைத்து அக்காவிடம் சொன்னேன்.

"ஆயிரம் பேரைக் கொன்னாதான் அரை வைத்தியன். நீ இன்னும் ஒருத்தரைக்கூட கொல்லலியே" என்றாள்.

"விளையாடாதக்கா. டாக்டர்கிட்ட சொல்லிடு. வெளுக்குது, வியர்க்குதுன்னு."

"சொல்லி? தெருமுனை டாக்டர் என்ன சொன்னாரு? மனசு. அதையே இந்த வீட்டுல இன்னும் இறக்கி வைக்கல. பெரிய ஆஸ்பத்திரியிலயும் நடிப்புன்னு எழுதிட்டா, நாளைக்கு எனக்கு நிஜமா வலிச்சாக்கூட ஒருத்தரும் நம்பமாட்டாங்க." கொடியில் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "நீயும் வாயைத் திறக்கக் கூடாது. என் மேல சத்தியம்."

அவள் மேலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னாலும் அவளுக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் அவளுக்கு ஆபத்து.

ஆபரேஷனுக்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரும் போனோம். அத்தை ஏன் வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. "கடையைப் பூட்டிட்டு எல்லாரும் ஊர்வலம் போகணுமா?" என்று மாமா கேட்டதற்கு, "என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் ஆளாகப் படியிறங்கினார். என்ன கேட்கப் போகிறார்? மருமகள் நடிக்கிறாள் என்று இன்னொரு டாக்டர் வாயால் கேட்க ஆசையா?

அறுவை சிகிச்சை செய்யப் போகும் டாக்டரம்மாவுக்கு அக்கா ஏற்கெனவே 'அறுவை டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தாள். அவர் அதிகம் பேசுகிற ஆளே இல்லை. ரிப்போர்ட்டைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

"இந்த இடதுபக்கக் கட்டி. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமா?"

"இல்ல டாக்டர்."

"வியர்த்துக் கொட்டுமா?"

"இல்ல."

"தலைவலி?"

"எல்லாருக்கும் வர்றதுதான்."

ரத்த அழுத்தம் பார்த்தார். சரியாக இருந்தது. "சரி. அப்ப கல்லை முதல்ல எடுத்துடுவோம். இதை அப்புறம் நிதானமா பார்க்கலாம்" என்று பேனாவைக் காகிதத்தின் அடிக்குக் கொண்டுபோனார். மேஜைக்கு அடியில் அக்கா என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். சாம்பல் சார் சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாம் தப்பாக ஞாபகம் இருந்தால்? பத்தைத் தாண்டினால் என்றாரா, நாற்பதைத் தாண்டினால் என்றாரா?

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"பொய்" என்றார் அத்தை.

"அம்மா, சும்மா இரு" என்றார் மாமா.

"நீ சும்மா இருடா. டாக்டரம்மா, நீங்க கேட்ட மூணும் இவளுக்கு உண்டு. துணி எடுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தா போதும், நெஞ்சைப் பிடிச்சுக்குவா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் பயந்தது அப்படியே நடக்கிறது என்று நினைத்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"குனிஞ்சாவா?"

"அதைத்தானே சொல்றேன். வேலைக்குக் கள்ளம்னுதான் முதல்ல நானும் நெனச்சேன். கையும் களவுமா பிடிச்சிடணும்னு டப்பாவை எடுத்துக் கீழ வச்சேன்."

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

"எந்த டப்பா?" என்றார் டாக்டரம்மா.

"சோப்புத்தூள் டப்பா. கீழ்த்தட்டுல வச்சா இவ மடங்கிக் குனியணும். அப்ப வருது. மேல்தட்டுல இருந்து எடுக்கும்போது வரல. டப்பா ஒண்ணுதான், வேலையும் ஒண்ணுதான். வேலைக்குப் பயந்து நடிக்கிறவளுக்கு ரெண்டு தட்டுலயும்தானே வரணும்? இவளுக்கு என்ன, தட்டு பார்த்தா நடிக்க வரும்?"

"வரும்போது முகம் சிவக்குதா, வெளுக்குதா?"

"வெளுக்குது. அங்கதான் எனக்கே இடிச்சுது. மூச்சைப் பிடிச்சு நடிச்சா மூஞ்சி சிவக்கணும். இவ சலவை பண்ணின போர்வை மாதிரி ஆயிடறா. நான் நாற்பது வருஷமா துணி வெளுக்கறவ. எனக்கு வெளுப்பு தெரியாதா?"

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கெட்டில்ல தண்ணி கொதிச்சு அடங்குற நேரம். போர்வைக்குப் பின்னால நின்னு எண்ணியே பார்த்துட்டேன்."

டாக்டரம்மா கேட்கக் கேட்க அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் குற்றச்சாட்டை இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. எந்தப் பக்கம் படுத்தால் வருகிறது, பாத்திரம் தேய்க்கும்போது வருகிறதா, வந்த பிறகு கை நடுங்குகிறதா என்று எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மாமாவுக்கும் எனக்கும் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

டாக்டரம்மா குறித்திருந்த தேதியை அடித்தார். "இது என்னன்னு தெரியாம நான் இவங்க மேல கத்தி வைக்கமாட்டேன்" என்றார். பிறகு அத்தையிடம், "இனிமே அந்த டப்பாவைக் கீழ வைக்காதீங்கம்மா" என்றார்.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் பதில் சொல்லாமல் விட்ட முதல் பேச்சு அது.

ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துத் தரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கேனைக் குளியலறையில் வைத்து, வேறு யாரும் கிட்டே போகாதபடி அத்தை வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அதைத் திருடிட்டுப் போக யாரும்மா வரப்போறாங்க?" என்றார் மாமா.

"சட்டையில இருக்கிற பட்டனைத் திருடுறவன் இருக்கான். எனக்கு யாரையும் நம்பிக்கை இல்ல."

சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

ரிசல்ட்டில் கட்டி கொட்டும் ஹார்மோனின் அளவு எக்கச்சக்கமாக இருந்தது. அது அந்த ஜாதிக் கட்டிதான். அது ஒரே இடத்தில் இருக்கிறதா, வேறு எங்காவது குட்டி போட்டிருக்கிறதா என்று தெரிய இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அதன் முறையைச் சாம்பல் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "திருடனுக்கு ரொம்பப் பிடிச்ச பொருள்ல மினுங்குற சாயத்தைத் தடவித் தெருவுல விடுறது. மறுநாள் எந்த வீட்டுக்குள்ள மினுங்குதுன்னு பார்க்கிறது. அவ்வளவுதான்." அத்தை டப்பாவைக் கீழே வைத்ததும் கிட்டத்தட்ட இதேதான் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

அந்த மினுங்கும் மருந்தை ஊசியில் ஏற்றிய மறுநாள், ஸ்கேன் அறைக்கு வெளியே அக்கா ஆஸ்பத்திரி அங்கியில் உட்கார்ந்திருந்தாள்.

"அது எங்கெங்க இருக்குன்னு எல்லாம் காட்டிடுமா?"

"காட்டும்க்கா."

"நான் நடிச்சேனா இல்லையான்னு காட்டுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை.

"நிஜமாத்தான்டி. குனியும்போதே வரப்போகுது, வரப்போகுதுன்னு நெனப்பேன். நெனச்சதால வந்துச்சோன்னு எனக்கே ஒரு சந்தேகம். தினம் கேட்டுக் கேட்டு, பாதி நாள் நானும் அத்தை கட்சிதான்."

படமெடுத்த டெக்னீஷியன் பெண் எங்கள் வகுப்பில் முன்பு படித்தவள். என்னைத் திரைக்கு முன்னால் வர விட்டாள். சாம்பல் நிறத்தில் அக்காவின் உருவம். மருந்து போய்ச் சேர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும். கழுத்துக்கு மேலே இரண்டு பக்கமும் கறுப்பு. நெஞ்சில் கறுப்பு. வலது விலாவில் பெரிய கறுப்பு. அடிவயிற்றில் கறுப்பு. இத்தனை இடங்களிலா?

"பதறாதீங்க. அவங்கள்லாம் வீட்டுக்காரங்க" என்றாள். "எச்சில் சுரப்பி, இதயம், ஈரல், மூத்திரப்பை. யாருக்கு எடுத்தாலும் அங்கெல்லாம் தெரியும். நீங்க பார்க்க வேண்டியது இது." இடது பக்கம், முதுகெலும்பை ஒட்டி, வேறு எதுவும் இருக்கக்கூடாத இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கறுப்பு. "ரிப்போர்ட் டாக்டர்தான் தரணும். ஆனா வேற எங்கயும் எனக்கு எதுவும் தெரியல."

நான் மறுபடி பார்க்கலாமா என்று கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டேன். அவள் பொறுமையாகக் காட்டினாள்.

டாக்டரின் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. ரத்த அழுத்தத்தை அடக்க இரண்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பக்குவப்படுத்தி, பிறகு கட்டியையும் பித்தப்பையையும் சேர்த்தே எடுத்தார்கள். கட்டியைத் தொட்டதும் அழுத்தம் எகிறியது, தயாராக இருந்ததால் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. தெரியாமல் கை வைத்திருந்தால் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அத்தை, "பார்த்தியா, நான் சொன்னேனில்ல, அவ நடிக்கல" என்று மாமாவிடம் சொன்னார். அவர் எப்போது அப்படிச் சொன்னார் என்று மாமா கேட்கவில்லை. கண் விழித்த அக்கா கேட்டாள். அத்தை அவளுக்குப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா மாடியில் ஓய்வில் இருக்க, அவள் வேலையை அத்தையும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். ஒருநாள் மெஷினில் துணி போட்டுவிட்டு மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. டப்பா மேலேதான் இருக்கிறது. ஆனால் எத்தனை நாளாக? டாக்டரம்மா சொன்னதிலிருந்து அல்ல. நினைத்து நினைத்துப் பார்த்தேன். அக்கா வயிற்று வலியில் சுருண்டு விழுவதற்கும் முன்பே அது மேலே போய்விட்டது. பிறகு இறங்கவே இல்லை. இறங்காமல் இருப்பதை யார் கவனிப்பார்கள்? சந்தேகப் பிராணியான நான்கூடக் கவனிக்கவில்லை.

அத்தை சட்டை ஒன்றை உதறிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒரு சந்தேகம்."

"கேளு. கேக்கலன்னா உனக்குச் சோறு இறங்காதே."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே டப்பாவை மேல வச்சுட்டீங்க. அப்பவே அக்கா நடிக்கலன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்லையா? அப்புறமும் ஏன் தினம் திட்டினீங்க?"

சட்டையின் காலரை நீவினார். கையை நீவினார். மறுபடி காலருக்கே வந்தார்.

"கீழ எலி வந்துச்சு. அதான் மேல வச்சேன்."

"எலி சோப்புத்தூள் திங்குமா?"

"பசிச்சா திங்கும். உன் படிப்புல எலியெல்லாம் வராதா?"

எலி வந்திருந்தால் புழுக்கை இருக்கும். நான் மண்டியிட்டுத் தலையைக் கீழ்த்தட்டுக்குள் விட்டுப் பார்த்தேன். கிழிந்த பைகள், ஹேங்கர்கள். தூசியில் டப்பாவின் அடி பதிந்த வட்டம். அதன் மேலும் புதுத் தூசி படிந்திருந்தது. புழுக்கை ஒன்றும் கண்ணில் படவில்லை. நன்றாகத் தெரியாததால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன்.

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"குனிஞ்சது போதும், எழுந்திரு. உனக்கும் வெளுக்குதான்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."